நல்லவராக இருந்தால் போதாதா?

கேள்வி: மார்ச் 5, 2025, திருநீற்றுப் புதன்

"கிறிஸ்துவைப் போல வாழுங்கள் என்று இன்றைக்கும் மறையுரையில் கேட்டேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் கேட்கிறேன். வேலை, பிள்ளைகள், கடன், வயதான பெற்றோர் என்று ஓடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அது எப்படி முடியும்? புனிதர்களின் வரலாற்றை எடுத்தால் பாதிப்பேர் துறவிகள், மீதிப்பேர் கொல்லப்பட்டவர்கள். யாருக்கும் கெடுதல் செய்யாமல், ஞாயிறு திருப்பலிக்குப் போய், நல்லவராக இருந்தால் போதாதா? புனிதர் ஆவது சிலருக்கு மட்டும் கிடைத்த வரம் என்றுதான் நினைக்கிறேன். தவறென்றால் சொல்லுங்கள்."

மார்ச் 5, இரவு

தவறென்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேள்வியில் தெரிகிற களைப்பு எனக்கும் உண்டு. அதனால் இன்றைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்.

பவுல் தம் திருமுகங்களைத் தொடங்கும்போது உரோமையிலும் கொரிந்திலும் பிலிப்பியிலும் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த சாதாரண நம்பிக்கையாளர்களைப் புனிதர்கள் என்றுதான் அழைக்கிறார். நம் விவிலியத்தில் அந்த இடத்தில் 'இறைமக்கள்' என்று வருவதால் நாம் கவனிக்காமல் கடந்துபோகிறோம். அந்தக் கொரிந்தியர் யார்? கட்சி கட்டிச் சண்டை போட்டவர்கள். ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தவர்கள். ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடிய இடத்திலேயே சிலர் பசியோடு உட்கார்ந்திருக்க, சிலர் குடித்து வெறித்திருந்தார்கள். பவுல் அவர்களைக் கடுமையாகத் திட்டுகிறார். ஆனாலும் அழைப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மார்ச் 6

"எல்லோரும் அழைக்கப்பட்டவர்கள் என்றால் பட்டம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 'புனிதர் பட்டம்' என்ற சொல்லே நம்மைக் குழப்பிவிடுகிறது. பட்டம் என்றால் படித்து, தேர்வு எழுதி வாங்குவது என்று மனதில் பதிந்திருக்கிறது. திருச்சபை யாரையும் புனிதராக ஆக்குவதில்லை. இவர் இறைவனோடு இருக்கிறார், இவரிடம் நமக்காக மன்றாடச் சொல்லிக் கேட்கலாம், இவர் வாழ்ந்த விதத்தைப் பின்பற்றலாம் என்று உறுதியாக அறிவிக்கிறது. அவ்வளவுதான்.

முதல் ஆயிரம் ஆண்டுகளில் பெரும்பாலும் மக்களின் வணக்கமும் அந்தந்த ஆயரின் ஒப்புதலும் போதுமாக இருந்தன. திருத்தந்தை ஒருவர் முறைப்படி அறிவித்ததாகப் பதிவான முதல் புனிதர் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக், ஆண்டு 993. இன்றைய நடைமுறை 1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒழுங்குபடுத்தியது. ஒருவர் இறந்து சாதாரணமாக 5 ஆண்டுகள் கழிந்த பிறகு மறைமாவட்டத்தில் விசாரணை தொடங்கும், அப்போது அவர் இறை ஊழியர். அவருடைய நற்பண்புகள் வீரத்துவமானவை என்று உறுதியானால் வணக்கத்துக்குரியவர். அவருடைய பரிந்துரையால் ஒரு புதுமை, அதாவது அற்புதம், நடந்தால் அருளாளர், இன்னொரு புதுமை நடந்தால் புனிதர். இரண்டு புதுமைகள் இல்லாமல் யாருக்கும் இது கிடையாது.

இதில் எனக்கு எப்போதும் வியப்பு எதில் என்றால், விசாரணையில் முதலில் தேடுவது காட்சியையோ உடலில் தோன்றும் கிறிஸ்துவின் ஐந்து காயங்களையோ இல்லை. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அப்புறம் விவேகம், நீதி, மனத்திடம், அடக்கம். இந்த ஏழும் அந்த மனிதரின் அன்றாடத்தில் இருந்தனவா என்றுதான் பார்க்கிறார்கள். கூட வேலை செய்தவர்களைக் கேட்கிறார்கள், வீட்டில் இருந்தவர்களைக் கேட்கிறார்கள். என் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்?

மார்ச் 7

நேற்று எழுதியதில் ஒரு பிழை. இரண்டு புதுமைகள் இல்லாமல் யாருக்கும் கிடையாது என்று எழுதிவிட்டேன். நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சிகளுக்கு அருளாளர் நிலைக்குப் புதுமை தேவையில்லை, அவர்கள் சிந்திய இரத்தமே போதும். திருத்தந்தை விலக்களிக்கவும் முடியும். திருத்தந்தை 23-ஆம் யோவானுக்கு 2014-இல் இரண்டாவது புதுமை இல்லாமலே புனிதர் அறிவிப்பு நடந்தது.

அப்புறம் அந்தப் "பாதிப்பேர் துறவிகள்" பற்றி. அறிவிக்கப்பட்டவர்களில் துறவிகளும் குருக்களும் அதிகம் என்பது உண்மை. ஒரு விசாரணையைப் பல தலைமுறை விடாமல் நடத்த ஒரு துறவற சபைக்கு ஆளும் நினைவும் இருக்கும், ஒரு குடும்பத்துக்கு அது கடினம். இதை வைத்து இல்லறத்தார் மத்தியில் புனிதம் குறைவு என்று சொல்ல முடியாது. 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் மணமானவர், அரண்மனைப் பணியில் இருந்தவர். திருமுழுக்குப் பெற்று ஏழே ஆண்டுகளில், 1752-இல், கொல்லப்பட்டார். ஜான்னா பெரெத்தா மோல்லா குழந்தை மருத்துவர், நான்கு பிள்ளைகளின் தாய். நான்காவது மகளைச் சுமந்தபோது கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று மருத்துவர்களிடம் சொன்னார். குழந்தை பிறந்து ஒரு வாரத்தில், 1962 ஏப்ரல் 28-இல் இறந்தார். 2004-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அந்த மகள் அங்கே இருந்தார்.

மார்ச் 13

"யாருக்கும் கெடுதல் செய்யாமல்" என்ற சொல் இந்த வாரம் முழுக்க மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இடப்பக்கம் நிறுத்தப்பட்டவர்கள் யாரையும் அடித்ததாகவோ ஏமாற்றியதாகவோ அங்கே ஒரு வரி இல்லை. பசித்தவருக்குக் கொடுக்கவில்லை, நோயுற்றவரைப் பார்க்கப் போகவில்லை, அவ்வளவுதான் குற்றம். கெடுதல் செய்யாதவர் என்ற அளவுகோலை வைத்தால் அவர்களும் நல்லவர்கள்தான்.

இதை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை.

மார்ச் 19, புனித யோசேப்பு பெருவிழா

நற்செய்தி நூல்களில் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. எழுந்தார், கூட்டிக்கொண்டு போனார், திரும்பி வந்தார். அதுவும் பெரும்பாலும் இரவில் எழுந்து போகிறவராகத்தான் வருகிறார். இரவில் எழுவது பற்றி எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன்.

என் அப்பாவுக்கு மறதி நோய். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் நான்கு ஆண்டுகள் அம்மாதான் பார்த்துக்கொண்டார். அம்மா இறந்த பிறகு நான். பகலில் அப்பா குழந்தை மாதிரி இருப்பார். இரவு இரண்டு மணிக்குமேல் எழுந்து உட்கார்ந்து, "வாசலில் யாரோ நிற்கிறார்கள், போய்க் கதவைத் திற" என்று கூப்பிடுவார். யாரும் இல்லை அப்பா என்று சொல்லிப் படுக்கவைப்பேன். இருபது நிமிடத்தில் மறுபடியும் அதே வார்த்தை. மூன்று முறை வரை என்னால் அன்பாகப் பேச முடிகிறது. எண்ணிப் பார்த்திருக்கிறேன், மூன்று முறை.

இந்தத் தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு ஓர் இரவு, நான்காவது முறை கூப்பிட்டபோது, எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தேன். கத்தினேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். காலையில் அவர் மணிக்கட்டில் சிவந்த தடம் இருந்தது. அவருக்கு எதுவும் நினைவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று மாலையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒப்புரவு அருளடையாளம் என்று இப்போது சொல்கிறோம், எனக்குப் பழைய சொல்தான் வாயில் வருகிறது. களைப்பு, தூக்கமின்மை என்று நிறைய விளக்கினேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றுதான் கேட்டார்: "இன்று இரவு நான்காவது முறை கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்?" தெரியவில்லை என்றேன். தெரியவில்லை என்பதை ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள் என்றார்.

கிறிஸ்துவைப் போல வாழ்வது என்ற பெரிய கேள்வி எனக்கு இப்போது இந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. யாராவது கொலைக்களத்தில் நிறுத்தி உன் நம்பிக்கையை விட்டுவிடு என்று கேட்டால் நான் என்ன செய்வேன் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். அந்தத் தேர்வு எனக்கு வரவில்லை. இது வந்திருக்கிறது.

ஏப்ரல் 2

இடையில் நான் ஒரு முயற்சி செய்தேன், அது பலிக்கவில்லை. இயேசு என் இடத்தில் இருந்தால் என்ன செய்வார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு எழுந்தேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. நாலைந்து நாளில் அது நடிப்பாகிவிட்டது. குரலை மென்மையாக வைத்துக்கொண்டு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அது தெரிந்தது. நோய் நினைவைத்தான் எடுத்திருக்கிறது, குரலுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கிற காதை எடுக்கவில்லை.

யோவான் 15-இல் ஆண்டவர் திராட்சைக் கொடியைத்தான் சொல்கிறார். கிளை கொடியைப் பார்த்து நடிப்பதில்லை. கொடியில் ஒட்டியிருக்கிறது, சாறு தானாக வருகிறது. நம் சொந்தப் பலத்தால் புனிதராகிவிடலாம் என்று சொன்ன பெலாஜியுசை அகுஸ்தீனார் ஏன் அவ்வளவு விடாப்பிடியாக எதிர்த்தார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அதை வெறும் கோட்பாட்டுச் சண்டை என்று நினைத்திருந்தேன். என் பலம் மூன்று முறையோடு தீர்ந்துபோகிறது என்று தெரிந்தவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால் 'அவரைப் போல' என்பதைவிட 'அவரில்' என்று சொல்வது சரியாக இருக்குமோ என்று நினைக்கிறேன். நற்கருணை வாங்கும்போது கேட்பதும் அதைத்தான்.

ஏப்ரல் 22

திருத்தந்தை பிரான்சிஸ் நேற்று காலமானார். உயிர்ப்பு ஞாயிறன்று மாடத்தில் வந்து ஆசி கொடுத்துவிட்டு மறுநாள் காலை போய்விட்டார். வருகிற 27-ஆம் தேதி நடக்க இருந்த, கார்லோ அகுதிஸ் என்ற இத்தாலியச் சிறுவனின் புனிதர் அறிவிப்பைத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

புனித வாழ்வு பற்றி 2018-இல் அவர் எழுதிய மடலில் ஓர் இடம். பிள்ளைகளை அன்போடு வளர்க்கிற பெற்றோர், வீட்டுச் சாப்பாட்டுக்காக உழைக்கிற ஆண்கள் பெண்கள், நோயாளிகள், சிரிப்பை விடாத வயதான கன்னியர்கள் ஆகியோரிடம் தாம் புனிதத்தைப் பார்ப்பதாகச் சொல்லி, இதை அடுத்த வீட்டுப் புனிதம் என்று அழைத்தார். மார்ச் 5-ஆம் தேதிக் கேள்விக்கு நேரான பதில் அதுதான். நான் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 17

குழந்தை இயேசுவின் தெரேசா புனிதராக அறிவிக்கப்பட்டு இன்றோடு 100 ஆண்டுகள். 24 வயதில் காசநோயில் இறந்தவர். 15 வயதில் லிசியே கார்மேல் மடத்துக்குள் போனார், அதன் பிறகு வெளியே வரவே இல்லை. போர், பஞ்சம், மறைபரப்புப் பயணம் எதுவும் இல்லை. துணி துவைக்கும்போது எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிட்டார். இவர் துடைத்துக்கொள்ளாமல் நின்றார். தியான நேரத்தில் பின்னால் இருந்த ஒருவர் ஓயாமல் ஏதோ சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார். திரும்பி முறைக்க வேண்டும் என்று வேர்த்துக் கொட்டுகிற அளவுக்கு இவருக்கு ஆத்திரம். கடைசியில் அந்தச் சத்தத்தையே இசை கேட்பதுபோல் கேட்டு, அதையே ஆண்டவருக்குக் காணிக்கையாக்கினார். இதைச் சின்ன வயதில் படித்தபோது, இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றியது. இப்போது இரவு இரண்டு மணிக்குத் தெரிகிறது, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

ஆனால் இன்று நான் எழுத வந்தது அவருடைய அப்பாவைப் பற்றி. லூயி மார்த்தின் கடிகாரம் செய்பவர். இளம் வயதில் துறவியாகப் போய், இலத்தீன் தெரியாததால் திருப்பி அனுப்பப்பட்டவர். சரிகை நெய்யும் தொழில் நடத்திய செலியை மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள், நால்வர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார்கள். செலியும் 1877-இல் புற்றுநோயால் போனார். தெரேசா மடத்துக்குப் போன பிறகு லூயியின் மனம் கலங்கத் தொடங்கியது. இல்லாததைக் கண்டார், வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். 1889-இல் கான் நகரத்து மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குமேல் அங்கே இருந்தார். மகள்கள் மடத்துக்குப் போனதுதான் காரணம் என்று ஊர் பேசியது. 1892-இல் கை கால் விழுந்த நிலையில் வீட்டுக்கு வந்தார், இரண்டு ஆண்டுகள் மகள் செலின் பார்த்துக்கொண்டார், 1894-இல் இறந்தார்.

அந்த மனிதரையும் அவர் மனைவியையும் திருச்சபை 2015 அக்டோபர் 18-இல் ஒன்றாகப் புனிதர்களாக அறிவித்தது. ஒரு கணவன் மனைவியைத் தம்பதியாகவே அறிவித்தது அதுவே முதல் முறை. மனம் கலங்கிய அந்த ஆண்டுகளும் அவருடைய வாழ்க்கையில் சேர்த்திதான், கழித்துவிடவில்லை.

இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. நான் இதுவரை அப்பாவை என் புனிதத்துக்கான பயிற்சிக் களம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பொறுமை கற்றுக்கொள்வதற்காக ஆண்டவர் அவரை வைத்திருக்கிறார் என்று. எவ்வளவு அகங்காரமான எண்ணம் அது. அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் ஏதோ நடந்துகொண்டிருக்கலாம், அதில் நான் வெறும் துணையாள்தான்.

ஜூன் 11

கடந்த குறிப்பு கொஞ்சம் கனத்துவிட்டது. இன்றைக்கு வாயிற்காப்பாளர்களைப் பற்றி.

அல்போன்ஸ் ரொட்ரிகசு ஸ்பெயினின் செகோவியாவில் கம்பளி வியாபாரி. மனைவியும் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள், வியாபாரமும் நொடித்தது. இயேசு சபையில் சேரப் போனார். படிப்பு போதாது, உடம்பும் சரியில்லை என்று முதலில் மறுத்தார்கள். கடைசியில் 1571-இல் சகோதரராகச் சேர்த்து மயோர்க்காத் தீவிலிருந்த கல்லூரிக்கு அனுப்பினார்கள். இறக்கும்வரை 46 ஆண்டுகள் அங்கேயேதான். அதில் பெரும்பகுதி வாசற்கதவைத் திறந்து மூடும் வேலை. மணி அடிக்கும்போதெல்லாம் வெளியே நிற்பவர் ஆண்டவர்தான் என்று எண்ணி, "இதோ வருகிறேன் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே போவாராம். அந்த வாசலில் அவரிடம் வழி கேட்ட மாணவர்களில் ஒருவர் பேதுரு கிளேவர். பின்னால் தென் அமெரிக்காவின் கார்த்தகேனா துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஆப்பிரிக்க அடிமைகளுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர். அவரை அங்கே போகத் தூண்டியவர் இந்தக் கதவுக்காரர். 1888 ஜனவரி 15-இல் இருவரையும் ஒரே நாளில் புனிதர்களாக அறிவித்தார்கள்.

இவர் மட்டுமில்லை. பவேரியாவின் ஆல்ட்டோட்டிங்கில் பார்சாம் ஊர் கொன்ராட் 41 ஆண்டுகள் கதவு திறந்தார். மொன்றியாலில் ஆந்த்ரே பெசெத் ஏறக்குறைய 40 ஆண்டுகள். மடத்தில் சேர்ந்ததும் எனக்கு வாசலைக் காட்டினார்கள், நானும் அங்கேயே இருந்துவிட்டேன் என்று ஆந்த்ரே சிரித்துக்கொண்டே சொல்வாராம். நல்ல மனிதர். படித்ததிலிருந்து அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

அப்பா ஒவ்வொரு இரவும் என்னிடம் கேட்பது என்ன? வாசலில் யாரோ நிற்கிறார்கள், கதவைத் திற. இரண்டு ஆண்டுகளாக நான் சொல்லும் பதில், யாரும் இல்லை.

ஜூன் 15

அல்போன்சைப் படித்த இரவே ஒன்று செய்து பார்த்தேன். அப்பா கூப்பிட்டதும், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. சரி வாங்க, பார்ப்போம் என்று கைபிடித்து எழுப்பி, மெதுவாக நடத்திப்போய், வாசற்கதவைத் திறந்தேன். இருவரும் வெளியே பார்த்துக்கொண்டு நின்றோம். இருட்டு. கொஞ்சம் காற்று. "போய்விட்டார் போலிருக்கிறது" என்றார் அப்பா. வந்து படுத்தார். விடியும்வரை எழவில்லை.

இது எல்லா இரவும் பலிக்கவில்லை. நேற்று மூன்று முறை கதவைத் திறந்தோம். ஆனால் கதவைத் திறந்து காட்ட ஐந்து நிமிடம் போதும். யாரும் இல்லை என்று வாதாட எனக்கு முக்கால் மணிநேரம் ஆகிக்கொண்டிருந்தது.

ஜூன் 20

"செபத்தில் எதுவுமே உணர முடியவில்லை, இப்படி இருக்க எப்படி அவரில் இருப்பது" என்று ஒருவர் கேட்டார். கல்கத்தாவின் தெரேசா பல பத்தாண்டுகள் அப்படித்தான் இருந்தார். இறந்த பிறகு வெளியான கடிதங்களில்தான் அது உலகத்துக்குத் தெரிந்தது. உள்ளே இருட்டு, வெளியே மறுபடியும் அடுத்த நோயாளி. உணர்ச்சி வந்தால் நன்றி சொல்லுங்கள். வராவிட்டாலும் செபமாலையைக் கையில் எடுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஜூலை 4

பியர் ஜோர்ஜோ பிராசாத்தி இறந்து 100 ஆண்டுகள். தந்தை ஒரு பெரிய நாளிதழின் நிறுவனர். மகன் மலையேறுவார், நண்பர்களோடு கும்மாளம் போடுவார். இத்தாலிய நகரமான தூரினின் ஏழைகளை அவர் தேடிப் போனது எந்த அளவுக்கு என்பது வீட்டுக்கே தெரியாது. 24 வயதில் இளம்பிள்ளைவாதத்தில் இறந்தார். அடக்கத்துக்குத் தெருவெல்லாம் ஏழை மக்கள் திரண்டு வந்தபோதுதான் குடும்பத்தாருக்குத் தங்கள் பிள்ளை யார் என்று தெரிந்தது.

ஆகஸ்ட் 14

போலந்து நாட்டுக் குரு மாக்சிமிலியான் கோல்பே. 1941 ஜூலை முடிவில் நாசிகளின் அவுஷ்விட்சு வதைமுகாமில் ஒரு கைதி தப்பிவிட்டதற்காகப் பத்துப் பேரைப் பட்டினிச் சாவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அழுதார். கோல்பே வரிசையிலிருந்து வெளியே வந்து, அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார். இரண்டு வாரத்துக்குப் பிறகும் உயிர் இருந்ததால் ஊசி போட்டுக் கொன்றார்கள். காப்பாற்றப்பட்ட பிரான்சிசெக் கயோவ்னிசெக் 1995 வரை வாழ்ந்தார். 1982-இல் கோல்பே புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் அங்கே இருந்தார்.

அவரை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் திருச்சபைக்கே தெளிவு உடனே வரவில்லை. 1971-இல் அருளாளராக அறிவித்தபோது மறைசாட்சி என்று சொல்லவில்லை. நம்பிக்கையை மறுக்கச் சொல்லி யாரும் அவரைக் கொல்லவில்லையே. 1982-இல் இரண்டாம் யோவான் பவுல் அவரை மறைசாட்சி என்றே அறிவித்தார். 2017-இல் பிரான்சிஸ், பிறருக்காக உயிரைக் கையளித்தவர்களுக்கென்றே தனி வழி ஒன்றைத் திறந்தார். புனிதம் என்றால் என்ன என்பதைத் திருச்சபையும் புனிதர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது.

1480-இல் இத்தாலியின் ஒத்ராந்தோ நகரில் கொல்லப்பட்ட மறைசாட்சிகளுக்கும் இன்றுதான் நாள். சுமார் 800 பேர், பெரும்பாலோரின் பெயர் யாருக்கும் தெரியாது. 2013-இல் அத்தனை பேரையும் ஒன்றாகப் புனிதர்களாக அறிவித்தார்கள்.

செப்டம்பர் 7

இன்று திருத்தந்தை 14-ஆம் லியோ, கார்லோவையும் பிராசாத்தியையும் ஒன்றாகப் புனிதர்களாக அறிவித்தார். கார்லோ 2006-இல் 15 வயதில் இரத்தப் புற்றுநோயில் இறந்த பையன். அவனோடு வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இப்போது முப்பதைத் தாண்டிய வயது, குழந்தைகள் இருக்கும். பெற்றோர் அங்கே இருந்து பார்த்தார்கள். அவனைப் பற்றி எல்லோரும் சொல்வது நற்கருணைப் புதுமைகளுக்கென்று அவன் உருவாக்கிய இணையதளம். எனக்குப் பிடித்தது, வீடியோ கேம் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதால் வாரத்துக்கு ஒரு மணிநேரம் என்று தானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. யார் பார்த்தார்கள் அதை?

செப்டம்பர் 30

மார்ச்சில் நான் எழுதியதைப் படித்தால், கோபம் வராதவரே புனிதர் என்று நான் நினைப்பதுபோல் இருக்கிறது. இன்று எரோணிமுவின் நாள், அவர் பெயரால் அதைத் திருத்துகிறேன். விவிலியத்தை இலத்தீனுக்குக் கொண்டுவந்த அந்த மேதையின் நாக்கு நெருப்பு. இளமை நண்பர் ருஃபீனுவோடு இறையியல் சர்ச்சையில் மோதி, அந்த நட்பைக் கசப்பில் முடித்தார். ஓவியங்களில் அவர் கையில் கல்லோடு நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் கல்லை அவர் கடைசிவரை கீழே வைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தைரியம் தருகிறது.

போன வாரம் மறுபடியும் கத்திவிட்டேன். கையைத் தொடவில்லை. மறுநாள் பாவசங்கீர்த்தனம். அதே சாமியார்.

அக்டோபர் 31

அல்போன்ஸ் 1617-இல் இறந்தது இதே நாளில். அதை யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் ஞாபகம் வந்தது.

அம்மா இருந்த காலத்தில் எப்போதாவது இரவில் எனக்கு விழிப்பு வந்தால், அப்பாவின் அறைக்கு அம்மா போவது தெரியும். கதவருகே ஒரு கணம் நிற்பார். பிடியில் கை வைத்தபடி, தலை குனிந்து. பிறகுதான் உள்ளே போவார். நான் அதைக் களைப்பு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். நான்கு ஆண்டுகள். ஒருமுறையாவது எழுந்துபோய், நீங்கள் படுங்கள் அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

இன்று தோன்றுகிறது, அந்த ஒரு கணத்தில் அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாரோ. அல்லது முழங்கால் வலியாகவும் இருக்கலாம், அம்மாவுக்கு அது உண்டு. இரண்டில் எது என்று நான் தீர்மானிக்கக் கூடாது. என் வசதிக்கு அம்மாவைப் புனிதராக்கிக்கொள்வதும் அவருக்குச் செய்கிற நியாயம் இல்லை.

நவம்பர் 2

"இறந்துபோன நம் பெற்றோரிடம் நமக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லலாமா" என்று கேட்டிருந்தீர்கள். தனிப்பட்ட முறையில் தாராளமாகக் கேட்கலாம். அறிவிக்கப்படாத ஒருவருக்குப் பொது வணக்கம் செலுத்துவதைத்தான் திருத்தந்தை 8-ஆம் உர்பான் காலத்திலிருந்து, 1634-இலிருந்து, திருச்சபை தடுத்திருக்கிறது. பீடம், ஒளிவட்டம் வைத்த படம் எல்லாம் கூடாது. நேற்றைய அனைத்துப் புனிதர் பெருவிழா பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான். இன்றைய நாள் இன்னும் தூய்மை பெற்றுக்கொண்டிருக்கிறவர்களுக்காக நாம் வேண்டும் நாள். நம் வீட்டார் எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரியாது.

அதனால் கல்லறையில் இரண்டையும் செய்தேன். முதலில் அம்மாவுக்காகச் செபித்தேன். பிறகு, அப்பாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடமே கேட்டேன். எனக்காகவும்.

அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். அவருக்கு எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியவில்லை, மெழுகுவர்த்திகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இரவு நான்கு முறை கூப்பிட்டார். நான்காவது முறை கதவருகே நின்றேன். சொல்ல நினைத்த வார்த்தை வாயில் வரவில்லை. அப்படியே உள்ளே போய்க் கையைப் பிடித்தேன்.